ஆறாம் எண்ணுக்குப் பூஜ்யம்

வெந்தெலினுக்கு அறுபத்தைந்து முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இசைக்குழுவில் அவரை வீட்டுக்குப் போ என்று சொல்லவும் ஆளில்லை, இரு என்று சொல்லவும் ஆளில்லை. ஹுட்டோவ் நகரக் குழுவில் வயலின் வாசிக்கிறவர்கள் இருபத்து நான்கு பேர். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவர் ஒருவர்தான். அவர் படுத்தால் அத்தனை சத்தத்துக்கும் அடியில் தரை இருக்காது. முப்பத்தாறு வருஷமாக அந்தத் தரை வெந்தெலின். பின்வரிசையில் கடைசி நாற்காலி, இடது பக்கம் பேஸ் ட்ராம்போன் ஊதும் கமில், வலது பக்கம் சுவர்.

புதிய ஆள் கிடைக்கும்வரை மாதாமாதம் வேலையை நீட்டித்துத் தாள் வரும். தேர்வு இரண்டு முறை நடந்து முடிந்தது. முதல் முறை பதினொரு பேர் வந்து ஊதினார்கள், இரண்டாம் முறை ஏழு பேர். இரண்டு முறையும் ஒரே பதில்: யாரும் தேறவில்லை.

மூன்றாவது தேர்வுக்கான அறிவிப்பு உணவறைக் கதவில் ஒட்டப்பட்ட அன்று அதன் கடைசி வரியை வெந்தெலின் இரண்டு தரம் படித்தார். இம்முறையும் தகுதியானவர் கிடைக்காவிட்டால் டூபாவுக்கான நிரந்தர இடம் நீக்கப்படும், தேவைப்படும் கச்சேரிக்கு மட்டும் வெளியாள் அழைக்கப்படுவார். கீழே இயக்குநர் ஷிந்தெலாரின் கையெழுத்து. ஊர் இரும்பாலையின் பாதி உலைகளை அணைத்து நகரத்தில் பணம் வற்றிய பிறகு தலைநகரத்திலிருந்து வந்து சேர்ந்த மனிதர் அவர்.

உள்ளே கமில் கூலாஷ் இறைச்சிக் குழம்பில் மாவுருண்டையைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பதினொரு நடுவர்களில் அவனும் ஒருவன். போகப்போகிற ஆள் நடுவராக உட்காரக்கூடாது என்பது வழக்கம், அதனால் வெந்தெலின் இல்லை.

"படிச்சியாடா?" என்றார் வெந்தெலின்.

"படிச்சேன்."

"இடத்தையே வெட்டப் போறானாம்."

"நல்ல ஆளா ஒருத்தன் வந்தா எதுக்கு வெட்டப் போறான்?"

"பதினெட்டுப் பேர் வந்தாங்களே. ஒருத்தனுக்குக்கூட ஊதத் தெரியலையா?"

கமில் கரண்டியை வைத்தான். "வெந்தா, என்னைக் கேட்டு என்ன புண்ணியம்? தாள் கொடுக்கறாங்க. ஸ்வரம் கரகரன்னு ஆரம்பிச்சா ஒரு கோடு, சுருதி இறங்கினா ஒரு கோடு, மூச்சு தப்பான இடத்துல வந்தா ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா இல்லைன்னு எழுதணும். திரைக்குப் பின்னாடி நிக்கறவனுக்காக நான் போய் ஊதவா முடியும்?"

"இரும்பாலையில தகட்டைத் தட்டிப் பாக்கற மாதிரி பாக்கறீங்க."

"தகட்டை அப்படித்தானே பாக்கணும்?"

"தகடு தனியாத்தான்டா கிடக்கும். டூபா தனியாவா கிடக்குது?"

கமில் மாவுருண்டைக்குத் திரும்பினான்.

அந்தத் திரையும் ஷிந்தெலார் கொண்டுவந்ததுதான். ஊதுகிறவர் ஆணா பெண்ணா, யாருடைய சொந்தக்காரர் என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது என்று மேடைக்குக் குறுக்கே கறுப்புத் துணி கட்டினார். செருப்புச் சத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடாமல் இருக்கத் தரையில் கம்பளம் விரித்தார். பெயர் கிடையாது, எண் மட்டும். ஊதுகிறவர் வாயைத் திறந்து பேசக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் பணியாளரின் காதில் சொல்ல வேண்டும், அவர் உரக்கச் சொல்வார். அதில் வெந்தெலினுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சேர்ந்த காலத்தில் கட்சிக்காரர் மருமகன் என்றால் பாதி ஊதினாலே போதும். திரை நல்லதுதான். திரைக்கு இந்தப் பக்கம் கொடுத்த தாள்தான் கெட்டது.

இரண்டாம் தேர்வை அவர் நடைபாதையில் நின்று கதவு வழியாகக் கேட்டிருந்தார். நான்காம் எண் ஊதியபோது சுவரிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றார். அவருக்குப் பிடித்த ஊதல் இல்லை அது. கூர்மையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆணி அடிப்பதுபோல அடித்தது. ஆனால் அடித்த ஆணி அசையவில்லை. இந்த ஆள் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்து, "நன்றி" என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். முதுகில் டூபாப் பெட்டியைச் சுமந்தபடி அவரைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"நீங்கதான் வெந்தெலினா?"

"ஆமா."

"சாகற வரைக்கும் நாற்காலியை விட மாட்டேன்னு உக்காந்திருக்கற பெரியவர்?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"ஊரெல்லாம் சொல்லுது. யாரும் தேறாம நீங்கதான் உள்ள பேசி வெச்சிருக்கீங்கன்னு. நான் ஊதற ப்ரெரோவ் ரயில்வே பேண்டு வரைக்கும் இந்தக் கதை வந்தாச்சு." பெட்டியின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் பேரு ராத்கா. மூணாவது தடவையும் வருவேன். போய் உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க."

அவள் படியிறங்கிப் போனாள். வெந்தெலின் அங்கேயே நின்றார். முப்பத்தாறு வருஷம் மூச்சைக் கொடுத்ததற்கு ஊரில் மிஞ்சிய பெயர் இதுவா?

இப்போது அறிவிப்பைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், பெட்டியைக்கூடத் திறக்காமல் மேஜை முன் உட்கார்ந்தார். அவர் மனைவி ஆனெஷ்கா முட்டைக்கோஸ் சூப்பை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன அது காகிதம்?"

"விண்ணப்பம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். டூபா நிரந்தர இடத்துக்கான தேர்வில் கலந்துகொள்ள விரும்புகிறேன் என்று இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர்.

"உன் வேலைக்கு நீயே விண்ணப்பம் போடறியா? மூளை கலங்கிருச்சா வெந்தா?"

"வயசு இத்தனைக்குள்ள இருக்கணும்னு அறிவிப்புல எங்கயும் போடலை. நல்லாப் பாத்துட்டேன்."

"ஓய்வுன்னா எங்க அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்குப் போய் இருக்கலாம்னு நீதானே சொன்னே?"

"போவோம். இடத்தை வெட்டவிட்டுட்டுப் போக மாட்டேன்." சூப்பை ஒரு வாய் குடித்தார். "கேளு. என்னைத் தேத்திட்டாங்கன்னா நான்தான் அந்த நாற்காலிக்குப் புது ஆளு. இடம் இருக்கும், அடுத்த ஆளு வர்ற வரைக்கும் ஷிந்தெலார் என்னை அசைக்க முடியாது. தேத்தலைன்னா, முப்பத்தாறு வருஷமா ஊதுனவனையே தேறலைன்னு சொன்ன தாளு அதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். எப்படி விழுந்தாலும் அவன் தலையில."

"உன் தலையில விழுந்தா?"

"எப்படி விழும்?"

ஆனெஷ்கா கண்ணாடியைக் கழற்றினாள். "பதினோரு பேரும் உன்கூட வேலை செஞ்சவங்க. அவங்க வாயாலே நீ வேணாம்னு கேக்கணும். அதைக் கேட்டுட்டு நீ நிப்பியா?"

"நிப்பேன்," என்றார். மிச்ச சூப்பைத் தள்ளி வைத்தார்.

அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிற பார்போரா முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரியவரே, இது விளையாட்டு இல்லையே?"

"விளையாட்டுன்னா ஒரு மணி நேரம் உக்காந்து கொட்டை எழுத்துல எழுதியிருப்பேனா?"

"பேர்ப் பட்டியல் என் பூட்டுக்குள்ள இருக்கும். முடிவு வர்ற வரைக்கும் இயக்குநருக்கும் காட்டக்கூடாது, அவரே போட்ட விதி." முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். "நான் எதையும் பாக்கலை."

தேர்வு நாளன்று காலை எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பையில் கையை விட்டு எண் போட்ட வில்லையை எடுத்தபோது ராத்காவுக்கு இரண்டு, வெந்தெலினுக்கு ஆறு. காத்திருக்கும் அறையில் அவரைக் கண்டதும் அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"வேவு பாக்க வந்தீங்களா?"

அவர் வில்லையைக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நாற்காலி மேல இவ்வளவு ஆசையா?"

"ஆமா. நாற்காலி மேலதான்," என்றார். அதற்கு மேல் விளக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை.

அவர் முறை வந்தது. கம்பளத்தின்மேல் நடந்தபோது காலுக்கடியில் சத்தமே எழவில்லை, தான் அங்கே இல்லாததுபோல இருந்தது. கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கமிலின் இருமல். சிகரெட் இருமல், இருபத்தாறு வருஷமாகக் காதோரம் கேட்டது. நான் இழுக்கிற முதல் மூச்சிலேயே அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று வெந்தெலின் நினைத்தார். அப்படிக் கண்டுபிடித்துக் காப்பாற்றிவிட்டால் அதுவும் கெடுதல்தான், திரைக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்று உள்ளே ஒன்று ஏங்கியது.

ஏமாற்றாமல் ஊதினார். முதலில் கொடுத்த துள்ளல் பகுதி சுத்தமாக வந்தது, ஒரு ஸ்வரம் மட்டும் லேசாகக் கரகரத்தது. பிறகு அந்த மெதுவான பகுதி. பித்தளை வாத்தியக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஊதும் பிரார்த்தனை போன்ற வரி அது, இங்கே டூபாவின் பங்கை மட்டும் தனியாக ஊத வேண்டும். ஒரே மூச்சில் போக வேண்டிய நீளம். பாதி வழியில் நெஞ்சு காலியாகிவிட்டது. எப்போதும்போல ஒரு சின்ன மூச்சைத் திருடி எடுத்துக்கொண்டு மேலே போனார். மேடையில் யாருக்கும் தெரியாத மூச்சு. தனியாக, அந்தக் காலி அரங்கில், சுவரில் ஓட்டை விழுந்ததுபோல அது கேட்டது. அவருக்கே கேட்டது. கடைசி ஸ்வரத்தில் சுருதி ஒரு மயிரிழை இறங்கிற்று.

மணி அடித்தது. "நன்றி, ஆறாம் எண்," என்றது ஷிந்தெலாரின் குரல்.

பகல் பன்னிரண்டுக்கு முடிவை நடைபாதையில் ஒட்டினார்கள். பெயர் இல்லை, எண்ணும் அதற்கு விழுந்த ஆதரவும் மட்டும். இரண்டாம் எண்ணுக்கு நான்கு, தேறுவதற்கு ஆறு வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. ஆறாம் எண்ணுக்குப் பூஜ்யம்.

வெந்தெலின் அந்தப் பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்தார். ஆனெஷ்கா கேட்டது இதைத்தான். பதினோரு பேரில் ஒருவர்கூட இல்லை. கமில்கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விடலாம், இன்னும் யாருக்கும் தெரியாது. பார்போரா வாயைத் திறக்க மாட்டாள்.

பக்கத்தில் ராத்கா தன் நான்கைப் பார்த்து நின்றாள். அழவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினாள்.

"போகாதே," என்றார் வெந்தெலின்.

"எதுக்கு? அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கா இனிமே?"

"இன்னிக்கே முடியலை. இரு."

அவர் அரங்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நடுவர்கள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய முடிவுப் பதிவு மேஜையில் ஒவ்வொருவராகக் கைமாறிக்கொண்டிருந்தது. வெந்தெலின் நடுவழியில் நடந்துபோய் ஆறு என்று போட்ட வில்லையை அதன்மேல் வைத்தார்.

"நான்தான் ஆறு."

யாருக்கும் புரியவில்லை. முதல் வயலின் மிலாடா அம்மாள்தான் வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது என்ன கூத்து?" என்றார் ஷிந்தெலார்.

"விண்ணப்பம் போட்டேன், முத்திரை விழுந்துச்சு, எண் எடுத்தேன், ஊதுனேன். முப்பத்தாறு வருஷமா உங்க நாற்காலியில உக்காந்திருக்கறவன் தேறலையாம். பூஜ்யமாம். அப்ப இத்தனை வருஷம் டிக்கெட் வாங்கினவங்களை நாம ஏமாத்திட்டு இருந்தோமா?"

ஷிந்தெலார் அசரவில்லை. மெல்லச் சிரித்தார். "வெந்தெலின் ஐயா, மன்னிச்சுக்கங்க. உங்களைவிட நல்ல ஆள் வேணும்னுதானே தேடறோம்? நீங்க தேறலைன்னா எங்க தராசு சரியா இருக்குன்னுதானே அர்த்தம்? அறுபத்தஞ்சு வயசுல இதுக்கு மேல என்ன எதிர்பார்க்க முடியும்?"

இரண்டு பேர் சங்கடத்தில் சிரித்தார்கள். இப்படி ஒரு பதில் இருக்கும் என்று வெந்தெலின் யோசித்திருக்கவில்லை. நான் தேறலை என்பதை நானே வந்து நிரூபித்துவிட்டேனா? மேஜையைச் சுற்றிப் பார்த்தார். கமில் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கமில்," என்றார் வெந்தெலின். "எனக்கு எத்தனை கோடு போட்டே?"

"மூணு."

"சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"கரகரப்பு ஒண்ணு. சுருதி ஒண்ணு." கமில் தாளில் விரலைக் கீழே நகர்த்தினான். "நடு வரியில மூச்சு, ஒண்ணு."

"அந்த மூச்சை எத்தனை வருஷமா எடுக்கறேன்?"

கமில் இப்போதுதான் நிமிர்ந்தான். "இருபது இருக்கும்."

"ஒரு தடவையாவது ஓட்டை கேட்டுச்சா?"

"இல்லை. நீ இழுக்கறப்போ நான் கொஞ்சம் அழுத்தி ஊதிருவேன்." அவன் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உதட்டுக்குத் தெரிஞ்சிருக்கு வெந்தா. காதுக்குத் தெரியலை. நீன்னு எனக்குத் தெரியவே இல்லை."

"அதைத்தான் சொல்றேன்!" வெந்தெலின் மேஜையில் அடித்தார். "நீங்க தேடறது துணிக்குப் பின்னாடி ஒத்தையா நிக்கற ஆளை. அப்படி ஒருத்தன் இந்த நாற்காலியில என்னிக்குமே உக்காந்ததில்லை. இந்தத் தாளை வெச்சு வானத்துலேர்ந்து தேவதூதன் எக்காளத்தோட வந்தாலும் மூணு கோடு போட்டு அனுப்பிருவீங்க. ரெண்டாம் எண்ணைக் கூப்பிடுங்க. ட்ராம்போன்காரங்க பக்கத்துல உக்கார வெச்சு ஊதச் சொல்லுங்க. அப்புறமும் வேணாம்னா என் வாயை மூடிக்கறேன்."

"தேர்வு முடிஞ்சது," என்றார் ஷிந்தெலார். "பதிவை முடிங்க. யார் கையெழுத்து பாக்கி?"

"என்னுது," என்றான் கமில்.

"போடுங்க."

"போட மாட்டேன்."

"என்னது?"

"பதினோரு கையெழுத்தும் விழணும்னு நீங்கதான் விதி போட்டீங்க. நான் போடலை." கமில் எழுந்து நாற்காலிக்கடியில் இருந்த ட்ராம்போன் பெட்டியைத் திறந்தான். "என் பக்கத்துல உக்காரப் போறது யாருன்னு என் உதட்டுக்குத் தெரியணும். அது வரைக்கும் போட மாட்டேன். வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க, என் இடத்துக்கும் ஒரு தேர்வு வைங்க. எத்தனை வருஷம் ஆகுதுன்னு பாப்போம்."

நடுவர்களில் இருந்த மற்ற இரண்டு ட்ராம்போன்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் தங்கள் ட்ராம்போன்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். மிலாடா அம்மாள் தன் தாளைக் கவிழ்த்து வைத்தார். "கேட்டுத்தான் பாப்போமே, இயக்குநரே. பத்து நிமிஷத்துல கூரை இடிஞ்சா விழுந்துரும்?"

துணியை இழுத்துத் தள்ளினார்கள். ராத்கா உள்ளே வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்து, வால்வுகளை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

"எதை?" என்று கமிலைக் கேட்டாள்.

"அந்த மெதுவானதை."

நால்வரும் மூச்சை இழுத்தார்கள். வெந்தெலின் அரங்கத்தின் நடுவில் நின்றார். அந்த இடத்திலிருந்து அந்த நாற்காலியின் சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் பிடித்து நின்ற பார்வையாளர் இருக்கையின் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குள் ஏறியது அது. அவருடைய சத்தம் இல்லை. அவருடையது வெந்நீர்போல உருண்டு வரும், இது இரும்புத் தண்டவாளம்போல நீண்டு கிடந்தது. நெஞ்சில் எங்கோ சுருக்கென்று வலித்தது. ட்ராம்போன் மூன்றும் அந்தத் தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டு ஓடின. வழக்கமான இடத்தில் கமில் பழக்கதோஷத்தில் அழுத்தினான். அவள் அங்கே மூச்சு எடுக்கவில்லை, அதனால் அவன் சத்தம் துருத்திக்கொண்டு நின்றது. ஊதிக்கொண்டே அவள் அவனைத் திரும்பி முறைத்தாள். அடுத்த வரியில் கமில் அடங்கினான்.

முடிந்தபோது கமில் உதட்டைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். "தாள் வேணாம். கையைத் தூக்குவோம்."

எட்டுக் கைகள் எழுந்தன. ஷிந்தெலார் எண்ணினார், மறுபடி எண்ணினார். குறைந்துவிடவில்லை.

"ஒரு வருஷம் தற்காலிகமா வெச்சுப் பாப்போம்," என்றார், பல்லுக்கிடையில். "செப்டம்பர்லேர்ந்து. அது வரைக்கும் வெந்தெலின் ஐயா இருக்கத் தேவையில்லை. வர்ற கச்சேரிக்கு வெளியாளை அழைச்சுக்கறோம். உங்க ஓய்வுத்தாள் இன்னிக்கே தயாராயிடும். இந்த மாதிரி நாடகம் ஆடினவருக்கு வழியனுப்பு விழா எதுவும் நடக்காது, அதையும் தெரிஞ்சுக்கங்க."

"பூங்கொத்துக்கு எனக்கு ஒவ்வாமை," என்றார் வெந்தெலின். "தாளைக் கொடுங்க."

மேடையிலிருந்து ராத்கா குரல் கொடுத்தாள். "இயக்குநரே, இந்த நாற்காலி எனக்கு உயரம். என் டூபா பெருசு, தொடையில நிக்காது. நாலு விரக்கடை தாழ்வா ஒண்ணு வேணும். இந்தச் சுவருக்கும் ஏதாவது போர்த்தணும், சத்தம் மோதித் திரும்பி என் காதுலயே அடிக்குது."

"இன்னும் வேலையிலயே சேரலை. அதுக்குள்ள பட்டியலா?"

"சேர்ந்தப்புறம் கேட்டா தருவீங்களா?"

கமில் சத்தமாகச் சிரித்துவிட்டான். வெந்தெலின் அவளைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லுவாள்போலவும் இல்லை.

"பெரியவரே," என்றாள் அவள், இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று. "நான் சொன்னது தப்பு. நீங்க யாரையும் தடுக்கலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இடத்தை நீங்க வாங்கித் தரலை. நான் ஊதுனேன்," என்றாள்.

"நீதான் ஊதுனே. அதை யார்கிட்டயும் விட்டுக் கொடுக்காதே."

பார்போரா ஓய்வுத்தாளை நீட்டினாள். அவர் அதைச் சுவரில் வைத்து, நின்றபடியே, பேனா கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஷிந்தெலாரிடம் போய் நின்று, "செப்டம்பர்ல முதல் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து முன்வரிசையில உக்காருவேன்," என்றார். "அந்த நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, அங்கேயே எழுந்து நின்னு ஏன்னு கேப்பேன். எனக்கு இன்னும் நல்லாக் குரல் இருக்கு."